நீர் தனிமம் அல்ல என்று அறியப்பட்ட வரலாறு

நீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வேதிமுறையில் கூடி உண்டான ஒரு சேர்மம் ஆகும். எச்2ஓ என்னும் அதன் வாய்பாடு வேதியியல் படிக்காதவர்களுக்கும் தெரிந்த ஒன்று. ஆனால் நீர் ஒரு தனிமம், அதாவது வேறு பொருள்களாகப் பிரிக்க முடியாத மூலப்பொருள் என்ற கருத்தே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்களிடையே நிலைத்திருந்தது. அது சேர்மம் என்பது 1780களில் நிறுவப்பட்டது. வாய்பாட்டில் உள்ள '2' என்ற எண் ஐயமின்றி ஏற்கப்படுவதற்கு மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

நீரின் இயைபைக் கண்டுபிடித்தவர் கேவண்டிஷ் என்று சில நூல்களும், லவாய்சியர் என்று வேறு சில நூல்களும் ஒரே வரியில் கூறிவிடுகின்றன. இரண்டுமே முழு உண்மை அல்ல. ஹைட்ரஜன் எரியும்போது நீர்த்துளி படிவதைப் பலர் கண்டார்கள். கண்டதற்குச் சரியான பொருள் கூறுவதுதான் கடினமாக இருந்தது.

மூலப்பொருளாக நீர்

கிரேக்க நாட்டின் மிலேட்டஸ் நகரைச் சேர்ந்த தேலீஸ், கி.மு. 6 ஆம் நூற்றாண்டில், எல்லாப் பொருள்களுக்கும் நீரே மூலம் என்றார். அவருக்குப் பின் எம்பெடோக்ளீஸ் நிலம், நீர், காற்று, நெருப்பு என நான்கு மூலங்களைக் கூறினார். அரிஸ்டாட்டில் அதை விரிவாக்கினார். இந்திய மரபில் வானமும் சேர்ந்து ஐம்பூதங்கள் ஆயின.

இந்தப் பட்டியல்கள் பொருள்களின் தன்மையை விளக்க எழுந்தவை. குளிர்ச்சியும் ஈரமும் நீரின் இயல்பு என்று கொண்டால், ஈரமுள்ள எதிலும் நீரின் கூறு உண்டு எனலாம். ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்து, இனியும் பிரிகிறதா என்று சோதிக்கும் வழக்கம் அப்போது இல்லை. ஆகவே 'தனிமம்' என்ற சொல்லின் பொருள் மாறிய வரலாறும் நீரின் வரலாற்றோடு சேர்ந்ததே.

வான் ஹெல்மாண்ட்டின் வில்லோ மரம்

நீரின் பங்கை எடை போட்டு ஆராய்ந்தவர்களுள் ஜான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மாண்ட் குறிப்பிடத்தக்கவர். இன்றைய பெல்ஜியம் பகுதியைச் சேர்ந்த இவர், உலர்த்திய 200 பவுண்டு மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டார். மழைநீரையோ வடித்த நீரையோ மட்டும் ஊற்றி வந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மரத்தின் எடை 169 பவுண்டுக்குச் சற்று மேல் இருந்தது. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ் மட்டுமே. ஆகவே 164 பவுண்டு மரமும் பட்டையும் வேரும் நீரிலிருந்தே உண்டாயின என்று அவர் முடிவு செய்தார். இவ்விவரம் அவர் மறைவுக்குப் பின் 1648 இல் வெளியான நூலில் உள்ளது.

சோதனை நேர்மையானது, முடிவு தவறானது. மரம் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. 'காஸ்' என்ற சொல்லை வாயுக்களுக்கு உருவாக்கியவரும், கரி எரியும்போது ஒரு தனிவகை வாயு வருவதை விவரித்தவரும் இதே வான் ஹெல்மாண்ட் என்பது வியப்புக்குரியது. எடையிடும்போது கண்ணுக்குத் தெரியாத வாயுவையும் சேர்த்து எடையிட வேண்டும் என்ற பாடம் அடுத்த நூற்றாண்டில்தான் முழுமையாக உணரப்பட்டது.

நீர் மண்ணாகுமா?

தூய நீரைக் கண்ணாடிக் கலத்தில் நெடுநேரம் கொதிக்கவைத்தால் அடியில் சிறிது மண் போன்ற படிவு தங்குகிறது. இதைக் கண்டவர்கள், நீர் மண்ணாக மாறுவதற்கு இதுவே சான்று என்றனர்.

பிரான்சு நாட்டின் அந்துவான் லவாய்சியர் 1768 ஆம் ஆண்டு இறுதியில் இதைச் சோதித்தார். நீராவி குளிர்ந்து மீண்டும் உள்ளேயே வழியுமாறு அமைந்த ஒரு கண்ணாடிக் கலத்தை எடை போட்டு, வடித்த நீரை எடை போட்டு ஊற்றி மூடி, 101 நாள்கள் தொடர்ந்து சூடாக்கினார். முடிவில் கலமும் நீரும் சேர்ந்த மொத்த எடை மாறவில்லை. படிவு உண்டாகியிருந்தது. ஆனால் வெறும் கலத்தின் எடை குறைந்திருந்தது. அந்தக் குறைவும் படிவின் எடையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. கண்ணாடியே சிறிது சிறிதாகக் கரைந்து படிவைத் தந்தது, நீர் மண்ணாகவில்லை.

இச்சோதனை நீர் சேர்மம் என்று காட்டவில்லை. நீர் எளிதில் மாறாத பொருள் என்பதையே வலுப்படுத்தியது. ஆயினும் தராசை நடுவராக வைக்கும் முறையை லவாய்சியர் இதில் பழகிக்கொண்டார்.

தீப்பற்றும் காற்று

துத்தநாகம், இரும்பு போன்ற உலோகங்களை அமிலத்தில் இட்டால் எரியக்கூடிய ஒரு வாயு வெளிவரும். இதைத் தனியாகச் சேகரித்து, அதன் அடர்த்தியை அளந்து, பிற வாயுக்களிலிருந்து வேறுபட்டது என 1766 இல் விளக்கியவர் இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ். அவர் அதைத் 'தீப்பற்றும் காற்று' என்று அழைத்தார். அதுவே இன்றைய ஹைட்ரஜன்.

அக்காலத்தில் ஃபுளோஜிஸ்டன் கொள்கை செல்வாக்குடன் இருந்தது. எரியும் பொருள்கள் எல்லாவற்றிலும் ஃபுளோஜிஸ்டன் என்ற ஒன்று உண்டு, எரிதல் என்பது அது வெளியேறுவதே என்று அக்கொள்கை கூறியது. ஆகவே தீப்பற்றும் காற்று உலோகத்திலிருந்து வெளியேறிய ஃபுளோஜிஸ்டனே என்று கேவண்டிஷ் கருதினார்.

1774 ஆகஸ்டு 1 அன்று ஜோசப் பிரீஸ்ட்லி, பாதரசத்தின் சிவப்புச் சுண்ணத்தைக் குவிவில்லையால் சூடாக்கி ஒரு வாயுவைப் பெற்றார். அதில் மெழுகுவர்த்தி மிகுந்த ஒளியுடன் எரிந்தது. ஃபுளோஜிஸ்டனை மிகுதியாக ஏற்றுக்கொள்ள இடமுள்ள காற்று என்று கருதி, அதற்கு 'ஃபுளோஜிஸ்டன் நீங்கிய காற்று' என்று பெயரிட்டார். அதுவே ஆக்சிஜன். சுவீடன் நாட்டின் ஷீலேயும் அதைத் தனியாகக் கண்டறிந்திருந்தார். நீரின் இரு கூறுகளும் இவ்வாறு ஆய்வாளர்களின் கைக்கு வந்துவிட்டன. ஆனால் அவற்றின் பெயர்களே தவறான விளக்கத்தைச் சுமந்திருந்தன.

கண்ணாடியில் படிந்த துளிகள்

பிரான்சில் மாக்கே என்பவர், எரியும் ஹைட்ரஜன் சுடரின்மேல் பீங்கான் தட்டைப் பிடித்தபோது நீர் போன்ற துளிகள் படிவதைக் கவனித்தார். இங்கிலாந்தில் 1781 இல் பிரீஸ்ட்லியும் அவருடைய நண்பர் வார்ல்டயரும், தீப்பற்றும் காற்றைச் சாதாரணக் காற்றுடன் கலந்து மூடிய கலத்தில் மின்பொறியால் வெடிக்கச் செய்தனர். கலத்தின் உட்புறம் பனி படிந்தது போல ஈரமாயிற்று. காற்றில் முன்பே இருந்த ஈரமே அது என்று நினைத்ததால், அதன்பின் அவர்கள் செல்லவில்லை.

கேவண்டிஷ் அவ்வாறு விடவில்லை. அந்த ஈரத்தையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். 5,00,000 கிரெயின் அளவு, அதாவது 32 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான தீப்பற்றும் காற்றை, அதைப்போல இரண்டரை மடங்கு சாதாரணக் காற்றுடன் சேர்த்து எரித்து, 8 அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாய் வழியாகச் செலுத்தினார். குழாயில் 135 கிரெயினுக்கு, அதாவது ஏறத்தாழ 8¾ கிராமுக்கு மேல் திரவம் சேர்ந்தது. அதற்குச் சுவையில்லை, மணமில்லை. ஆவியாக்கினால் எதுவும் மிஞ்சவில்லை. அது தூய நீரே என்று அவர் உறுதி செய்தார். சாதாரணக் காற்றுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பயன்படுத்தியபோது, இரண்டு பங்கு தீப்பற்றும் காற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு ஆக்சிஜன் செலவானது.

ஆனால் அப்போது கிடைத்த நீர் சில வேளைகளில் அமிலத்தன்மை கொண்டிருந்தது. இந்தச் சிறு முரண்பாட்டைத் தீர்க்க விரும்பியதால் கேவண்டிஷ் தம் முடிவுகளை உடனே வெளியிடவில்லை. ஆக்சிஜனில் கலந்திருந்த நைட்ரஜனே நைட்ரிக் அமிலமாக மாறியது என்று பின்னர் கண்டார். அதைத் தொடர்ந்து 1785 இல் காற்றிலுள்ள நைட்ரஜனை மின்பொறியால் முழுவதும் மாற்ற முயன்றபோது, எவ்வளவு முயன்றும் மாறாத ஒரு சிறு குமிழி மிஞ்சியதையும் பதிவு செய்தார். நூறாண்டுக்குப் பின், 1894 இல், ராலேயும் ராம்சேயும் கண்டறிந்த ஆர்கான் வாயுவே அந்தக் குமிழி.

1784 ஜனவரியில் கேவண்டிஷின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது. அவருடைய சோதனை குறையற்றது. விளக்கமோ பழைய கொள்கையைச் சார்ந்தது. தீப்பற்றும் காற்று என்பது மிகுதியான ஃபுளோஜிஸ்டனுடன் சேர்ந்த நீர். ஆக்சிஜன் என்பது ஃபுளோஜிஸ்டன் நீங்கிய நீர். இரண்டும் சேர்ந்தால் ஏற்கெனவே உள்ள நீர் வெளிப்படுகிறது என்று அவர் எழுதினார். நீராவி எந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட், ஃபுளோஜிஸ்டனும் ஆக்சிஜனும் சேர்ந்ததே நீர் என்ற கருத்தை 1783 ஏப்ரலில் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்.

பாரிசில் 1783

லவாய்சியரும் தீப்பற்றும் காற்றை எரித்துப் பார்த்தவரே. எனினும் ஆக்சிஜன் சேர்ந்தால் அமிலம் உண்டாகும் என்பது அவருடைய சொந்தக் கொள்கை. அதனால் அவர் தேடியது அமிலத்தை, நீரை அல்ல. கேவண்டிஷைப் பழைய கொள்கை மறைத்தது போல, லவாய்சியரை அவருடைய புதிய கொள்கை மறைத்தது.

1783 ஜூன் மாதத்தில் கேவண்டிஷின் உதவியாளர் சார்லஸ் பிளாக்டன் பாரிசுக்குச் சென்றபோது, லண்டன் சோதனைகளைப் பற்றி லவாய்சியரிடம் கூறினார். ஜூன் 24 அன்று லவாய்சியரும் லாப்லாசும் பிளாக்டன் முன்னிலையில் இரு வாயுக்களையும் எரித்து நீரைப் பெற்றனர். மறுநாளே அறிவியல் கழகத்தில் அறிவித்தனர். ஏறக்குறைய அதே காலத்தில் மெசியேர் நகரில் காஸ்பார் மோன்ஜ் என்பவரும் தனியாக இதைச் செய்திருந்தார்.

நீர் ஒரு தனிமம் அன்று, இரு வாயுக்களின் சேர்மம் என்று தெளிவாகக் கூறியவர் லவாய்சியரே. ஆனால் லண்டனிலிருந்து தமக்குக் கிடைத்த செய்தியின் முழு அளவை அவர் எழுதவில்லை என்று பிளாக்டன் 1786 இல் வெளிப்படையாகக் குறை கூறினார். கேவண்டிஷ், வாட், லவாய்சியர் மூவருள் யார் முதல்வர் என்ற வழக்கு 19 ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. சோதனையின் பெருமை கேவண்டிஷுக்கும் சரியான விளக்கத்தின் பெருமை லவாய்சியருக்கும் உரியது என்று பிரித்துக் கூறுவதே பொருத்தமாகும்.

துப்பாக்கிக் குழல் சோதனை

இரு வாயுக்கள் மறைந்து நீர் தோன்றியது என்பது பாதிச் சான்றே. நீர் முன்பே வாயுக்களுள் ஒளிந்திருந்தது என்று எதிர்த்தரப்பினர் கூற இடம் இருந்தது. நீரைப் பிரித்து அந்த வாயுக்களைப் பெற்றுக் காட்டினால்தான் வழக்கு முடியும்.

இதற்கு வேறொரு தூண்டுதலும் கிடைத்தது. 1783 ஆகஸ்டு 27 அன்று பாரிசில் ஜாக் சார்லஸ் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனைப் பறக்கவிட்டார். பலூன்களுக்கு ஹைட்ரஜனைப் பேரளவில் மலிவாகத் தயாரிக்கும் வழி தேவைப்பட்டது. இப்பணியில் ஈடுபட்ட இராணுவப் பொறியாளர் மியூனியேவுடன் லவாய்சியர் சேர்ந்தார்.

இரும்பாலான துப்பாக்கிக் குழலை உலையில் சாய்வாக வைத்து, செந்நிறமாகக் காயவிட்டு, அதன் மேல்முனையில் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டனர். கீழ்முனையில் ஹைட்ரஜன் வந்தது. குழலின் உட்புறம் ஆக்சிஜனேற்றமடைந்து எடை கூடியது. இரும்பில் கூடிய எடையையும் வெளிவந்த வாயுவின் எடையையும் கூட்டினால், மறைந்த நீரின் எடை கிடைத்தது.

1785 பிப்ரவரி இறுதியில், அறிவியல் கழகத்தினர் முன்னிலையில் நீரைப் பிரித்தலும் மீண்டும் சேர்த்தலும் பேரளவில் செய்து காட்டப்பட்டன. பெர்தொலே முதலிய வேதியியலாளர்கள் புதிய கருத்தை ஏற்றனர். பிரீஸ்ட்லி மட்டும் 1804 இல் அமெரிக்காவில் இறக்கும்வரை ஏற்கவில்லை.

1789 இல் வெளியான தம் பாடநூலில் லவாய்சியர் 33 எளிய பொருள்களைப் பட்டியலிட்டார். எந்த வழியாலும் மேலும் பிரிக்கப்படாததே தனிமம் என்பது அவர் கொண்ட அளவுகோல். அந்தப் பட்டியலில் நீர் இல்லை. பிற்காலத்தில் சேர்மங்கள் என்று தெரியவந்த சுண்ணாம்பு போன்றவை அதில் இருந்தன. எனினும் அளவுகோல் சரியானதாக இருந்ததால், பட்டியலைத் திருத்துவது எளிதாயிற்று.

பெயர்களில் தங்கிய வரலாறு

1787 இல் லவாய்சியரும் அவர் குழுவினரும் வேதிப்பொருள்களுக்குப் புதிய பெயர்களை வகுத்தனர். ஹைட்ரஜன் என்ற கிரேக்க வழிச் சொல்லுக்கு 'நீரை உண்டாக்குவது' என்று பொருள். தமிழில் வழங்கும் நீரகம் என்ற சொல்லும் இக்கண்டுபிடிப்பையே தாங்கி நிற்கிறது.

ஆக்சிஜன் என்பதற்கு 'அமிலத்தை உண்டாக்குவது' என்று பொருள். இது லவாய்சியரின் பிழையைத் தாங்கியது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பதை ஹம்ப்ரி டேவி 1810 ஆம் ஆண்டளவில் விளக்கினார். உயிர்வளி, உயிரகம் என்னும் தமிழ்ச் சொற்களில் அந்தப் பிழை இடம்பெறவில்லை.

மின்சாரம் தந்த சான்று

1800 மார்ச் மாதத்தில் வோல்ட்டா தம் மின்கல அடுக்கைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அச்செய்தியை அறிந்து லண்டனில் மின்கல அடுக்கைச் செய்துகொண்ட நிக்கல்சனும் கார்லைலும், மே 2 அன்று அதன் இரு கம்பிகளை நீரில் வைத்தனர். ஒரு கம்பியில் ஹைட்ரஜன் குமிழிகள் வந்தன. மற்றொரு பித்தளைக் கம்பி அரிக்கப்பட்டது. பிளாட்டினக் கம்பிகளைப் பயன்படுத்தியபோது இரண்டிலும் வாயு வந்தது. ஒன்றின் பருமன் மற்றதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. உலையும் இரும்பும் இன்றி நீர் தன் கூறுகளாகப் பிரிந்தது.

எச்ஓவா, எச்2ஓவா?

நீரில் இரு தனிமங்கள் உண்டு என்பது முடிவாயிற்று. ஒவ்வொன்றிலும் எத்தனை அணுக்கள் என்ற வினா எஞ்சியது. அணுக் கொள்கையை 1808 இல் நூலாக வெளியிட்ட ஜான் டால்டன், இரு தனிமங்கள் சேர்ந்து ஒரே சேர்மத்தைத் தருமானால் அதை ஒன்றுக்கு ஒன்று எனக் கொள்வதே எளிது என்றார். ஹைட்ரஜன் பெராக்சைடு அப்போது அறியப்படவில்லை. ஆகவே அவருக்கு நீர் எச்ஓ.

இதனால் அணு எடையும் மாறும். நீரில் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன் உள்ளது. நீர் எச்ஓ என்றால் ஆக்சிஜனின் அணு எடை 8; எச்2ஓ என்றால் 16. தராசு மட்டும் இந்த வினாவைத் தீர்க்க முடியாது.

ஹம்போல்ட்டுடன் சேர்ந்து 1805 இல் ஆராய்ந்த கே-லுசாக், இரு பருமன் ஹைட்ரஜனும் ஒரு பருமன் ஆக்சிஜனும் துல்லியமாகக் கூடுவதைக் கண்டார். கிடைக்கும் நீராவி இரண்டு பருமன். சம பருமனில் சம எண்ணிக்கைத் துகள்கள் இருந்தால், ஓர் ஆக்சிஜன் துகள் இரண்டு நீர்த்துகள்களில் பங்காக வேண்டும். அணு பிளவுபடாதது என்ற டால்டன் இதை ஏற்கவில்லை.

1811 இல் இத்தாலியின் அவகாட்ரோ விடை கூறினார். ஆக்சிஜன் வாயுவின் துகள் ஓர் அணு அல்ல, இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. பிரிவது மூலக்கூறே, அணு அல்ல. ஆனால் ஒரே வகை அணுக்கள் இரண்டு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்பது அன்றைய அறிஞர்கள் பலருக்கு நம்பும்படியாக இல்லை. பெர்சீலியஸ் நீருக்கு இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைக் கொண்டார். வேறு பலர் 1850கள் வரையிலும் எச்ஓ என்றே எழுதினர். ஒரே பொருளுக்குப் பல வாய்பாடுகள் வழங்கின.

கார்ல்ஸ்ரூ மாநாடும் கன்னிசாரோவும்

இக்குழப்பத்தைத் தீர்க்க 1860 செப்டம்பர் 3 முதல் 5 வரை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட வேதியியலாளர்கள் கூடினர். அங்கு இத்தாலியின் கன்னிசாரோ அவகாட்ரோவின் கருத்துக்காக வாதாடினார். அவர் 1858 இல் எழுதிய சிறு நூலின் படிகள் மாநாட்டின் முடிவில் வழங்கப்பட்டன.

அவருடைய முறை எளியது. ஹைட்ரஜன் வாயுவின் மூலக்கூறு எடையை 2 என்று கொண்டு, பிற வாயுக்களின் அடர்த்தியை அதனுடன் ஒப்பிட வேண்டும். அப்போது நீராவி 18. அதில் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 16. கார்பன் மோனாக்சைடு 28. அதில் ஆக்சிஜன் 16. கார்பன் டை ஆக்சைடு 44. அதில் ஆக்சிஜன் 32. எந்தச் சேர்மத்திலும் ஆக்சிஜன் 16க்குக் குறையவில்லை. எப்போதும் அதன் மடங்காகவே வருகிறது. ஆகவே ஆக்சிஜனின் அணு எடை 16. ஹைட்ரஜன் குளோரைடு 36.5; அதில் ஹைட்ரஜன் 1 மட்டுமே. அவ்வாறாயின் நீரில் உள்ள 2 என்பது இரண்டு அணுக்கள். நீர் எச்2ஓ.

மாநாட்டில் வாக்கெடுத்து முடிவு காணப்படவில்லை. நூலை வீட்டில் படித்தவர்கள் ஒவ்வொருவராக ஏற்றனர். மாநாட்டுக்கு வந்திருந்த இளைஞர்களுள் மெண்டலீவும் ஒருவர். திருத்தப்பட்ட அணு எடைகளை அடிப்படையாகக் கொண்டே அவர் 1869 இல் தனிம வரிசை அட்டவணையை அமைத்தார். அவகாட்ரோ இவற்றைக் காணவில்லை. அவர் 1856 இலேயே மறைந்துவிட்டார்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது

பள்ளி ஆய்வகத்தில் நீரின் மின்னாற்பகுப்பைச் செய்யும்போது, இரு குழாய்களிலும் உள்ள வாயுக்களின் பருமன் பெரும்பாலும் சரியாக 2:1 என்று அமைவதில்லை. ஆக்சிஜன் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆக்சிஜன் நீரில் ஹைட்ரஜனைவிட மிகுதியாகக் கரைவது இதற்கு ஒரு காரணம். மின்வாயோடு ஆக்சிஜன் வினைபுரிந்துவிடுவதும் உண்டு. அத்தகைய வேளையில் விடை தெரிந்திருப்பதால் அளவை மாற்றிப் பதிவேட்டில் 2:1 என்று எழுதிவிடுவது வழக்கமாக இருக்கிறது.

அவ்வாறு எழுதுவது இந்த வரலாற்றுக்கு நேர்மாறானது. எதிர்பாராத அமிலத்தைக் கேவண்டிஷ் ஒதுக்கிவிட்டிருந்தால் நைட்ரிக் அமிலத்தின் இயைபும், பின்னாளில் ஆர்கானுக்கு வழிகாட்டிய அந்தக் குமிழியும் பதிவாகியிரா. கிடைத்த அளவை அப்படியே எழுதி, வேறுபாட்டுக்குக் காரணம் தேடும் மாணவரே நீரின் வாய்பாட்டை உண்மையில் கற்றவர் ஆவார்.